இரவு பஸ்ஸில் இறங்கி விடியலில் சுதந்திர சதுக்கம்: வன்னியிலிருந்து போவோருக்கு

கொழும்பு 7 இல், 1948 சுதந்திரத்துக்கான நினைவு மண்டபம் நிற்கும் சுதந்திர சதுக்கத்தை வன்னியிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் பிழையான நேரத்தில்தான் பார்க்கிறார்கள். விசா அலுவலோ ஆஸ்பத்திரி அலுவலோ முடிந்த பிறகு, பதினொரு மணி வெயிலில் ஓட்டோவில் போய் இறங்குவார்கள். கல் தரை சுடும், பிள்ளைகள் சிணுங்குவார்கள். நாலு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் "ஒரு மண்டபம்தானே, அதில என்ன கிடக்கு" என்பார்கள். பிழை மண்டபத்தில் இல்லை, நேரத்தில்தான்.

வன்னிக்காரருக்கு இதில் ஒரு வசதி தானாகவே அமைந்திருக்கிறது. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் இரவில் வெளிக்கிடும் பஸ்கள் விடியப்புறத்தில் கொழும்புக்குப் போய்ச் சேரும். கடை திறந்திராது, அலுவலகம் திறந்திராது. எங்கே போவது என்று தெரியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிற அந்த இரண்டு மணித்தியாலம்தான் சதுக்கம் மிக அழகாக இருக்கும் நேரம். பயணத்தை அதற்கேற்ப அமைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

புறப்படுமுன்

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர், வவுனியாவிலிருந்து 250 சொச்சம். பஸ்ஸில் கிளிநொச்சியிலிருந்து ஏழு, எட்டு மணித்தியாலம் பிடிக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு ஏறினால்தான் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இறங்கலாம். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்கு இறங்கி இருட்டில் நிற்க வேண்டிவரும். பிள்ளை குட்டியோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

ஆசனம் பதியும்போது பஸ் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். சில புறக்கோட்டையோடு நின்றுவிடும். சில காலி வீதி வழியாக வெள்ளவத்தை வரை போகும். வெள்ளவத்தை போகும் பஸ்தான் நல்லது. சதுக்கம் அங்கிருந்து நாலு கிலோமீற்றர் அளவுதான், தமிழில் பேசி அலுவல் பார்க்கலாம், முகம் கழுவி உடுப்பு மாற்ற லொட்ஜ் இருக்கிறது, இடியப்பமும் சம்பலும் விற்கும் சைவக்கடையும் இருக்கிறது. புறக்கோட்டையில் இறங்கினால் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு நடந்து போய்க் காலைக்கடனை முடித்துவிடுங்கள். விடியற்காலை சதுக்கப் பக்கம் போனபின் கழிப்பறை தேடுவது பெரும் பாடு. இருபது, ஐம்பது ரூபா சில்லறை கையில் இருக்கட்டும்.

புகையிரதம் உடம்புக்குச் சுகம். முல்லைத்தீவுக்குத் தண்டவாளம் இல்லை, மாங்குளம் வரை வந்து ஏற வேண்டும். அந்த வீதியே ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஆசனப் பதிவு முப்பது நாளுக்கு முன் திறக்கும். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நல்லூர்த் திருவிழாக் காலம், நீண்ட வார இறுதிகளில் திறந்த வேகத்தில் முடிந்துவிடும். எந்த அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பதிந்தீர்களோ, அந்த அட்டையையே கையில் கொண்டுபோங்கள். வடக்குப் பாதை நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் பழைய தாளை நம்பாமல் 1919 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பகல் வண்டியில் போனால் பிற்பகலில்தான் இறங்குவீர்கள். அப்படியானால் சதுக்கத்தை மாலைக்கு வையுங்கள், நாலரைக்குப் பிறகு.

எந்த மாதம் போவது? இங்கேதான் வன்னிக்காரர் ஏமாறுகிறார்கள். நமக்கு மாரி என்றால் ஐப்பசி முதல் மார்கழி, தை வரை. சோளகம் வீசிப் புழுதி பறக்கிற வைகாசி, ஆனியில் குடை என்ற பொருளையே மறந்திருப்போம். கொழும்பில் அப்போதுதான் தென்மேல் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் அங்கேயும் மழைதான், பெரும்பாலும் பின்னேரத்து இடியோடு. மாசி, பங்குனி இரண்டு பக்கமும் காய்ந்திருக்கும், வெக்கை மட்டும் அதிகம். மற்ற எந்த மாதமென்றாலும் பையில் குடை இருக்கட்டும். மண்டபம் பெரிய கூரையோடு இருந்தாலும் நாலு பக்கமும் சுவரில்லாதது. காற்றோடு மழை அடித்தால் ஓரத்தில் நிற்பவர் நனைவார்.

பெப்ரவரி 4 சுதந்திர தினம். பிரதான விழா சில வருடம் இங்கே நடக்கும், சில வருடம் காலி முகத்திடலில். இங்கே நடக்கிற வருடமென்றால் சனவரிக் கடைசியிலேயே ஒத்திகை தொடங்கி வீதிகளை மூடிவிடுவார்கள். சனவரி 25 இலிருந்து பெப்ரவரி 5 வரை சதுக்கத்துக்கென்று பயணம் வைக்காமல் விடுவது புத்தி.

சதுக்கம் வரை

ஓட்டோக்காரரிடம் "சுதந்திர சதுக்கம்" என்றால் எல்லாருக்கும் விளங்காது. சிங்களத்தில் "நிதஹஸ் சதுரஸ்ரய". "இன்டிபென்டன்ஸ் ஸ்குவயர்" என்றால் எவருக்கும் தெரியும். மிகப் பழைய ஆட்கள் டொரிங்டன் என்பார்கள், ஏனென்றால் சுதந்திரத்துக்கு முன் இது டொரிங்டன் சதுக்கம். டொரிங்டன் பிரபு 1847 முதல் 1850 வரை இங்கே ஆளுநராக இருந்தவர், 1848 இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியை இராணுவச் சட்டம் போட்டு அடக்கியவர். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, அந்தப் பெயரைத் தாங்கிய திடலில் பிரித்தானிய ஆட்சி முடிந்த விழா நடந்தது. யாரும் திட்டமிட்டதல்ல என்றாலும் சொல்லிச் சிரிக்கலாம்.

ஏறுமுன் "மீட்டர் தியெனவாத?" என்று கேளுங்கள், மீற்றர் இருக்கிறதா என்று பொருள். இல்லையென்றால் "கீயத?" என்று விலையைப் பேசி முடித்துவிட்டே ஏறுங்கள். கைபேசிச் செயலியில் வண்டி அழைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. கறுவாத்தோட்டப் பக்கம், அதாவது கொழும்பு 7 இல், ஒருவழிப் பாதைகள் அதிகம், வண்டி சுற்றிப் போனால் உடனே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். ஆறு மணிக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதே தூரம் ஏழேகாலுக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். றோயல் கல்லூரி, தேர்ஸ்டன் கல்லூரி என்று பெரிய பாடசாலைகள் எல்லாம் அந்தச் சுற்றில் இருப்பதால் காலை ஆறே முக்கால் முதல் எட்டு வரையும், பாடசாலை விடுகிற ஒன்றரை மணியை ஒட்டியும் தெருவெல்லாம் வான்கள்தான்.

பஸ்ஸில் போகலாம். புறக்கோட்டையிலிருந்து 138 இலக்க பஸ்ஸில் ஏறித் தும்முல்லைச் சந்தியில் இறங்கினால் அங்கிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு நடை. வெள்ளவத்தையிலிருந்து 154 பௌத்தாலோக்க மாவத்தை வழியாகப் போகும், அதில் நடை குறைவு. நடத்துனரிடம் இடத்தின் பெயரை முதலிலேயே சொல்லி வையுங்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் "பஹினவா" என்று குரல் கொடுத்தால் போதும். கனத்த பையோடு பஸ் வேண்டாம். லொட்ஜிலோ தெரிந்தவர் வீட்டிலோ பையைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தல், குடை, அடையாள அட்டையோடு மட்டும் போங்கள்.

என்ன பார்ப்பது

உள்ளே போகக் கட்டணம் இல்லை. சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும். அந்த வெளிச்சம் தூண்களுக்கு இடையால் சரிந்து விழுகிற அரை மணித்தியாலம்தான் படத்துக்கு ஏற்றது. சுற்றிவரக் கொழும்புக்காரர் ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பார்கள். அவர்கள் பாதையின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள், முறைப்பார்கள்.

முதலில் மண்டபத்துக்குள் ஏறிவிடாதீர்கள். முன்னால் நிற்கும் சிலைக்குப் பின்புறமாக, எழுபது எண்பது அடி தள்ளி நின்று முழுக் கட்டடத்தையும் பாருங்கள். சுவர் இல்லாத நீண்ட மேடை, வரிசை வரிசையாகத் தூண்கள், மேலே கண்டிப் பாணிக் கூரை, மேடையைச் சுற்றிச் சிங்கங்கள். கண்டி அரண்மனையில் அரசன் சபை கூட்டிய மகுல் மடுவ என்ற மண்டபத்தைப் பார்த்து எடுத்த வடிவம் இது. அங்கே தூண்கள் மரம், இங்கே கொங்கிறீற். அந்த வடிவத்தை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விடயம். 1815 மார்ச் 2 இல் கண்டிப் பிரதானிகள் இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு ஒப்புக்கொடுத்த உடன்படிக்கை மகுல் மடுவவில்தான் கைச்சாத்தானது. ஆட்சி கைமாறிய மண்டபத்தின் சாயலிலேயே, ஆட்சி திரும்பி வந்ததற்கான மண்டபத்தைக் கட்டினார்கள்.

இதில் நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. மகுல் மடுவவைக் கட்டத் தொடங்கிய இராஜாதி ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தவன். கண்டி விழுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன், 1803 இல், வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியர் வைத்திருந்த முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அதே ஆண்டு கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டான். கற்சிலைமடு நடுகல்லை முதலில் ஒருக்கால் காட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனால், 1803, 1815, 1948 என்ற மூன்று ஆண்டுகளும் ஒரே கயிற்றில் கோத்ததுபோல் மனத்தில் நிற்கும். ஒட்டுசுட்டானிலிருந்து அது பக்கம்தான்.

சிலை டி. எஸ். சேனநாயக்க, முதலாவது பிரதமர். கூட்டம் கூட்டமாகப் போகிறவர்கள் சந்திப்பு இடமாக இந்தச் சிலையையே குறித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தின் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் "படிக்குப் பக்கத்தில்" என்று சொன்னால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அவருடைய முதல் அமைச்சரவையில் வன்னியிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வவுனியாவில் 1947 இல் சுயேச்சையாக வென்ற செ. சுந்தரலிங்கம் வர்த்தக அமைச்சர். மன்னாரில் வென்ற சி. சிற்றம்பலம் தபால் தொலைத்தொடர்பு அமைச்சர். 1948 முடியுமுன்னே, மலையகத் தமிழரின் குடியுரிமைச் சட்டங்களில் முரண்பட்டுச் சுந்தரலிங்கம் பதவியை விட்டு விலகினார். அந்தச் சட்டங்களால் நாடற்றவரானோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். வன்னியில் ஒரு வகுப்பறையை எடுத்தால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இல்லாமல் இராது. ஆகவே சிலைக்கு முன்னால் நின்று ஆசிரியர் பாடப்புத்தகத்து வரியை மட்டும் ஒப்பித்துவிட்டு நகர்ந்தால், பாதிக் கதையைச் சொல்லாமல் விட்டதாகத்தான் அர்த்தம்.

தேசிய கீதத்தைப் பற்றியும் கேள்வி வரும், பதிலோடு போங்கள். 2016 சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள், அது காலி முகத்திடலில். 2020 இல் விழா இந்தச் சதுக்கத்தில் நடந்தது, சிங்களத்தில் மட்டும் பாடினார்கள்.

மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அலுவலக நேரத்தில்தான் திறப்பார்கள் என்பதால் விடியலில் வந்தவர்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நேரம் இருந்தால் திரும்பும் வழியில் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். தேசிய அருங்காட்சியகம் அதைவிடப் பல மடங்கு பெறுமதி.

கைபேசியில் படம் எடுக்கத் தடையில்லை. கலியாணப் படம், பெரிய கமரா, விளக்கு, குடை என்று போனால் காவலர்கள் வந்து அனுமதி கேட்பார்கள். பறக்கும் கமராவுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் பறக்கவிட்டுவிட்டுப் பொலிஸாரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஏழரைக்குப் பிறகு

ஒன்றரை மணித்தியாலம் போதும். வெயில் ஏறத் தொடங்கியதும் நகருங்கள். சதுக்கத்தை ஒட்டி நிற்கும் கூர்முகட்டு வெள்ளைக் கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மனநோயாளர் விடுதியாகக் கட்டியது. பின்னர் கணக்காய்வாளர் திணைக்களம் இருந்தது. 2014 இலிருந்து கடைத்தொகுதி. கழிப்பறை அங்கே துப்புரவாக இருக்கும், ஆனால் கடைகள் திறந்தபின்தான். சாப்பாடு விலை கூட. நாலு பேர் அங்கே குடிக்கிற கோப்பிக் காசுக்கு வெள்ளவத்தையில் நாலு பேரும் வயிறு நிறையச் சாப்பிடலாம். வாழையிலைப் பார்சல் கொண்டுபோனால் சதுக்கத்துப் புல்தரையில் பிரிக்காதீர்கள், காகம் விடாது. விகாரமகாதேவிப் பூங்காவில் நிழலும் வாங்கும் இருக்கிறது.

பக்கத்திலேயே பழைய குதிரைப் பந்தயத் திடல். இரண்டாம் உலகப் போரில் அதை விமான ஓடுபாதையாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்க்க எழுந்த போர் விமானங்களில் ஒரு பகுதி இங்கிருந்துதான் கிளம்பியது. இன்று பார்க்க அதற்கான அடையாளம் பெரிதாக இல்லை, கடந்து போகும்போது சொல்லிக்கொண்டு போகலாம்.

அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம் மரநிழலில் ஒரு கிலோமீற்றர் நடை, இருபது நிமிடம். ஒன்பது மணிக்குத் திறக்கும். உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டையைக் காட்டுங்கள். 1877 இல் திறந்த கட்டடம். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் கால் ஓய்ந்துவிடும், இரண்டை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்று காலியில் 1911 இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு: சீனக் கடற்தளபதி செங் ஹ கொண்டுவந்தது, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியிலும் பொறித்தது. அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தத் தீவின் துறைமுகத்தில் செய்தி சொல்லத் தமிழ் வேண்டியிருந்தது என்பதைக் கல்லிலேயே பார்க்கலாம். மற்றது கண்டி அரசரின் சிம்மாசனம். 1815 இல் இங்கிலாந்துக்குப் போய் 1934 இல் திரும்பியது. காலையில் பார்த்த மண்டபத்தின் மூல வடிவத்தில் அரசர் சபை கூட்டிய காலத்துச் சிம்மாசனம் இதுதான் என்று அப்போது சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

போயா நாளிலும் பொது விடுமுறையிலும் திறக்கிறார்களா என்று முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

பாடசாலைச் சுற்றுலா என்றால்

வலயக் கல்விப் பணிமனை அனுமதிக் கடிதத்தின் இரண்டு பிரதி, அதிபர் ஒப்பமிட்ட பெயர்ப்பட்டியல், அருங்காட்சியகத்துக்குப் பாடசாலைக் கடிதத்தலைப்பில் தனிக் கடிதம் மூன்றும் ஒரு கோப்பில் இருக்கட்டும். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். சீருடையில் கூட்டிப்போனால் கூட்டத்தில் பிரித்தறிவது எளிது. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் பொறுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு வையுங்கள். கைபேசியில் இருக்கிறதுதானே என்று விட்டால் இரவெல்லாம் பாட்டுக் கேட்டுக் காலையில் சார்ஜ் இருக்காது. நீண்ட பயணத்தில் சில பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். முன் ஆசனங்களைத் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, கறுப்புப் பொலித்தீன் பை இருபதாவது வைத்திருங்கள். சாரதியிடம் வாகனத்தை எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வந்து ஏற்றுவது என்று இறங்குமுன்னரே பேசிவிடுங்கள். சதுக்கத்தைச் சுற்றி நினைத்த இடத்தில் பெரிய பஸ்ஸை நிறுத்த விடமாட்டார்கள்.

ஒரே நாளில் சதுக்கம், அருங்காட்சியகம், விலங்கினச்சாலை, காலி முகத்திடல், தாமரைக் கோபுரம் என்று பட்டியல் போடுகிற பாடசாலைகள் உண்டு. மூன்றுக்கு மேல் வைத்தால் மிச்சம் எல்லாம் பஸ் யன்னலால் பார்ப்பதுதான். எங்களைக் கேட்டால் சதுக்கம், அருங்காட்சியகம், மாலையில் காலி முகத்திடல். 1956 யூன் 5 இல் தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கியது அந்தத் திடலில்தான். 2022 போராட்டக் காலத்தில் மே 18 அன்று முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்ததும் அங்கேதான்.

திரும்பும் பயணம்

இரவு பஸ்ஸுக்கு ஆசனத்தைக் காலையிலேயே உறுதிப்படுத்துங்கள், ஏறும் இடத்தைக் கடையின் பெயரோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நாலரை முதல் ஏழு வரை காலி வீதியும் புறக்கோட்டையும் அசையாது. புறக்கோட்டையில் ஏற வேண்டியவர்கள் பஸ் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே காலி முகத்திடலை விட்டுக் கிளம்புங்கள். வெள்ளவத்தையில் ஏறுகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் அதே பஸ் புறக்கோட்டை நெரிசலில் மாட்டித் தாமதமாகும் என்பதால் வீட்டில் சொல்லும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டியே சொல்லுங்கள். முறிகண்டியிலோ மாங்குளத்திலோ விடியப்புறம் இறங்குகிறவர்கள் நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லி, கைபேசியில் அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள். நித்திரையில் பரந்தன் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் குறைவில்லை.